பத்தாம் வகுப்புக்கு நாலு டிபார்ட்மென்ட்டில் பாடம் எடுத்த ஒரு வருஷம்: புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் 'பி' செக்‌ஷனில் எல்லாரும் பாஸ். காலாண்டில் பாதி வகுப்பு அறிவியலில் கோட்டை விட்டிருந்தது தெரிந்தவர்களுக்கு எனக்கு இப்போது எவ்வளவு நிம்மதி என்று புரியும். பி.எட். முடித்து இந்த ஜூனில் வேலைக்குச் சேரப்போகும் தோழிகள் "எப்படிச் சமாளிச்சே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் கணிதப் பட்டதாரி. பெரம்பூர் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளி. கணக்குக்கென்றுதான் எடுத்தார்கள். ஆகஸ்டில் அறிவியல் மிஸ் பிரசவ விடுப்பில் போனதும் பத்தாம் வகுப்பு இயற்பியலும் வேதியியலும் என் தலையில் வந்தன. வரலாறு எடுத்த சார் வேறு ஊருக்கு மாறிப் போக, அதுவும் வந்தது. தமிழ் ஐயா வராத நாட்களில் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் என் பெயர்தான் இருக்கும். வேலைப்பளு என்று பார்த்தால் கொடுமைதான். ஆனால் வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது: ஒரே பிள்ளையை நாலு பாடத்தில் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளையின் ஐந்து பாட விடைத்தாளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்க் பட்டியலைப் பார்ப்பது போதாது, தாளையே பார்க்க வேண்டும்.

அரையாண்டு முடிந்ததும் அப்படிப் பார்த்தபோது கண்ணில் பட்ட ஒரு பெண்ணின் தாள். அறிவியலில் 4 ஓம், 12 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன, தொகுபயன் மின்தடை என்ன என்று கேள்வி. அவள் 1/4 + 1/12 என்று எழுதி, மீ.சி.ம. எடுத்து, 4/12, அப்புறம் 1/3 வரை அழகாக வந்துவிட்டாள். கீழே விடை: R = 1/3 ஓம். தலைகீழாகத் திருப்பி 3 ஓம் என்று போடவில்லை. அதே பெண் கணக்குத் தாளில் x-ன் தலைகீழி வரும் கணக்கை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் போட்டிருக்கிறாள். அறிவியல் டீச்சர் பார்த்தால் "பாடம் புரியலை" என்று மின்னோட்டவியலை முதலிலிருந்து நடத்துவார். கணக்கு டீச்சருக்கோ இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. இரண்டு தாளையும் சேர்த்து வைத்தால்தான் விஷயம் புரிகிறது. அவளுக்குப் பாடமும் தெரியும், கணக்கும் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் காட்டினேன். "மிஸ், இதுவும் அதேதானா?" என்றாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கரைசல்கள் பாடத்திலும் இதே கதை. 100 கிராம் நீரில் 25 கிராம் சர்க்கரை, நிறை சதவீதம் கேட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 25 என்பார்கள். கரைசலின் மொத்த நிறை 125 கிராம், ஆகவே 20 சதவீதம். வேதியியல் சொல்லிக்கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. லாப நஷ்டக் கணக்கில் "எதன் மேல் சதவீதம்?" என்று கேட்பது போல இங்கேயும் கேட்டால் பிடித்துக்கொள்கிறார்கள்.

தாள்களைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிபவை:

– எந்தப் பாடத்தில் கடைசிப் பக்கம் அவசரக் கையெழுத்தாக இருக்கிறது. அறிவியலில் 75 மார்க்குக்கு மூன்று மணி நேரம், சமூக அறிவியலில் 100 மார்க்குக்கும் அதே மூன்று மணி நேரம். ஒரே வேகத்தில் எழுதும் பிள்ளைக்குச் சமூக அறிவியலில் வரைபடம் விட்டுப்போகும்.
– கட்டாய வினாவைத் தொடாமல் விடும் பழக்கம். கணக்கில் 28, 42-ஆம் வினாக்கள். அறிவியலில் 22, 32. விடுகிற பிள்ளை எல்லாப் பாடத்திலும் விடும்.
– அலகு எழுதாதது. இயற்பியலில் அலகை விடுகிற பிள்ளை அளவியலிலும் கன செ.மீ. போடாது.
– தமிழில் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளை அறிவியல் 7 மார்க் கேள்வியில் நாலு வரியோடு நிறுத்துவது. இவர்களுக்கு எழுத வரும். பாடத்தை ஒருமுறை வாயால் சொல்லவைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

சரி, தாள்களை எப்படி வாங்குவது? அதுதான் கஷ்டம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன் கட்டைப் பூட்டி வைக்கும். அடுத்த பாடக்காரர் வந்து கேட்டால் தன்னைச் சோதிக்க வந்ததாக நினைப்பவர்களும் உண்டு. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. எச்.எம். வழியாகப் போகாதீர்கள், அது உத்தரவாகிவிடும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் மதிய இடைவேளையில் "மேடம், என் கணக்குப் பசங்க அஞ்சு பேர் தாள் மட்டும் பாத்துட்டுத் தரேன்" என்று கேளுங்கள். தருவார்கள். மொத்த வகுப்பையும் பார்க்க முயல வேண்டாம். பாஸ் மார்க்கான 35-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைகள் போதும்.

வரலாறு நடத்தியது தனி சந்தோஷம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதைப் பாடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சங்கம் பிறந்தது பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களால். என் வகுப்பில் பாதிப் பேர் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி. மில் 1996-இல் மூடப்பட்டது. "யார் வீட்டில் மில்லில் வேலை பார்த்தவங்க இருக்காங்க?" என்று கேட்டேன். கைகள் எழுந்தன. மறுநாள் ஒரு பையன் தாத்தாவிடம் ஷிப்டு, சங்கு, கேன்டீன் என்று அத்தனையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டான். சங்கத்தை முன்னின்று நடத்திய வாடியா, திரு.வி.க. பெயர்களை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை. அதே திரு.வி.க.வைத் தமிழ் வகுப்பில் உரைநடைக்காகப் படிக்கிறோம் என்று சேர்த்துச் சொன்னபோது, "ரெண்டும் ஒரே ஆளா மிஸ்?" என்று கேட்டார்கள். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22-இல் சென்னை மேல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு உயர் நீதிமன்ற மதில் பக்கம் இருக்கிறது. முதல் உலகப் போர் நடத்தும் வாரத்தில் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

தமிழைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. படிவம் நிரப்புவதையும் கடிதத்தையும் மட்டும் வாரம் ஒருமுறை எழுதவையுங்கள், சுலபமாகக் கிடைக்கிற மார்க் அது.

கணக்கில் வடிவியலும் வரைபடமும் 16 மார்க். இதை எல்லாரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

கடைசியாக, துணைத் தேர்வு எழுதப்போகும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். அறிவியலில் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 வேண்டும், செய்முறையில் 25-க்கு 15 வேண்டும். எதில் குறைந்தது என்று முதலில் பாருங்கள். பழைய திருப்புதல் தேர்வுத் தாள்கள் வீட்டில் ஏதாவது ஒரு பையில் கிடக்கும். எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, பாஸான பாடத்தின் தாளிலிருந்து தொடங்குங்கள். ஃபெயிலான பாடத்துக்கு வேண்டியதில் எது அந்தத் தாளில் ஏற்கெனவே இருக்கிறது என்று பார்த்து, அதைப் பிள்ளையிடம் காட்டிவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறக்கலாம்.