அந்த இரவின் கேமராப் பதிவைக் கேட்டு

அக்கா மகனை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் சாயங்காலம் கோர்ட் வராந்தாவில் பார்த்தபோது உள்ளங்காலைத் தரையில் வைக்க முடியாமல் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நின்றான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சித்தி" என்றான். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

எங்கள் கடற்கரையில் இப்படி நடந்தால் பங்குச் சாமியாரை அனுப்பிப் பேசி, பையனை வெளியே எடுத்து, அத்தோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். அக்காவும், "அவன் வெளிய வந்தா போதும் பிள்ள, போலீசோட பகை வேண்டாம்" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பனையும் மகனையும் அடித்தபோது அங்கேயும் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் அறிக்கை கொடுத்தார். அது என் தலைக்குள்ளேயே நின்றது.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைத்த இலவச வக்கீல், நல்ல மனுஷி. "போலீசை வெளியே நிறுத்திவிட்டுப் பையனிடம் கேளுங்கள்" என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் வேண்டினார். அதன்பிறகுதான் அவன் வாய் திறந்தான். ரிமாண்டுக்கு முன்னால் போலீஸ் வாங்கிய மருத்துவச் சான்றில் 'காயம் ஏதுமில்லை' என்றிருந்தது. மாஜிஸ்ட்ரேட் மறுபடி பரிசோதிக்கச் சொல்லி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார். அங்கே எழுதிய ஏ.ஆர். (காயங்களைக் குறிக்கும் ஆஸ்பத்திரிப் பதிவேடு) நகலில் 'இரு உள்ளங்கால்களிலும் வீக்கம், கன்றிய தழும்புகள்' என்று வந்தது. கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ பரிசோதனை அறிக்கையின் நகலைத் தரவேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பதிவும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஜெயிலுக்குள் வருகிற ஒவ்வொருவரின் உடம்பிலும் உள்ள காயங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே சொல்கிறது. நாகர்கோவில் மாவட்டச் சிறைக்கு அவனைக் கொண்டுபோன அன்றே அதை எழுதச் சொல்லி வக்கீல் கடிதம் கொடுத்தார்.

அதே வேகத்தில் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு மனு. எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தெந்த இடத்துக் கேமரா என்று பிரித்து எழுதி, பதிவை அழியாமல் காக்கக் கேட்டோம். உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொன்னது கையில் இருந்தது: லாக்கப், நடைவழி, இன்ஸ்பெக்டர் அறை, ஸ்டேஷனின் பின்பக்கம் எல்லாவற்றிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், அவ்வளவு காலம் சேமிக்கும் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

அந்தப் பதிவைக் கேட்டுப் போட்ட தகவல் உரிமை மனுவுக்கு, தர முடியாது, 'பாதுகாப்புக் காரணம்' என்று பதில் வந்தது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினோம். கட்டணமில்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். ஆணையம் கேட்ட பிறகு பதிவு அங்கே போய்ச் சேர்ந்தது. பையனை அடித்த பின்பக்க அறையின் கேமரா மட்டும் 'பழுது'. ஆனாலும் நடைவழிக் கேமராவில், உள்ளே நடந்துபோனவன் வெளியே சுவரைப் பிடித்தபடி வருவது தெரிகிறது என்றார் வக்கீல். விசாரணை இன்னும் முடியவில்லை.

கேமரா ஓடுகிறதா என்று பார்க்க மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதில் கலெக்டரும் மேயரும் உண்டு, எஸ்.பி.யும் உண்டு. தன் ஸ்டேஷனைத் தானே மேற்பார்ப்பது எப்படிச் சுதந்திரமான கண்காணிப்பாகும்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை. லாக்கப்புகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து பார்க்கும் அமைப்பை ஏற்படுத்தச் சொல்லும், அந்த உடன்படிக்கையின் 2002-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையில் இலங்கையும் மாலத்தீவும் சேர்ந்துவிட்டன. எல்லை தாண்டிப் பிடிபடும் நம் மீனவனுக்கு அங்கே சட்டப்படி இருக்கும் அந்தப் பாதுகாப்பு, சொந்த ஊர் ஸ்டேஷனில் இல்லை. இதைச் சொல்ல வயிறு எரிகிறது.

நம் மாவட்டக் குழு எப்போதெல்லாம் கூடியது, எந்த ஸ்டேஷனில் எந்தக் கேமரா பழுது, யார் சரிசெய்யச் சொன்னார்கள் என்று கேட்டு இப்போது புதிதாக ஒரு தகவல் உரிமை மனு போட்டிருக்கிறேன். உங்கள் ஊர் ஸ்டேஷனைப் பற்றி நீங்களும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.