சங்கிலி மண்டபமும் பெண்டன்வில் குளமும்

நெல்லையப்பர் கோயிலில் எல்லோரும் மணி மண்டபத்து இசைத்தூண்களைப் பார்க்க நிற்பார்கள். எனக்குப் பிடித்தது சங்கிலி மண்டபம். 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. அதுவரை தனித்தனியாக இருந்த சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இது இணைத்துவிட்டது. உச்சி வெயிலிலும் உள்ளே தரை குளிர்ந்தே கிடக்கிறது.

தரிசனம் முடிந்து ரத வீதியில் சித்தப்பாவின் மளிகைக் கடைக்குப் போனேன். நான் இருப்பது அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பெண்டன்வில்லில், வால்மார்ட் என்ற பெரிய கடை நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர். சித்தப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏல, அந்தக் கடைக்காரர் மவ ஏதோ மியூசியம் கட்டியிருக்காமே?"

ஆலிஸ் வால்டனைத்தான் கேட்கிறார். சாம் வால்டனின் நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி, ஒரே பெண், 1949-இல் பிறந்தவர். அப்பா பெண்டன்வில்லில் சில்லறைச் சாமான் கடை நடத்தி, 1962-இல் பக்கத்து ஊரான ரோஜர்ஸில் முதல் வால்மார்ட்டைத் திறந்தார். ஆலிஸ் பத்து வயதில், பிக்காசோ ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியை அப்பா கடையிலேயே இரண்டு டாலர் கொடுத்து வாங்கினாராம். சித்தப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "சொந்தக் கடையிலயே காசு குடுத்தா வாங்குச்சு? நல்ல வளர்ப்புல."

வளர்ந்தபின் வாங்கியதெல்லாம் பெரிய விலை. 2005-இல் ஆஷர் டியூரண்ட் வரைந்த ஓர் இயற்கைக் காட்சியை நியூயார்க் பொது நூலகத்திடமிருந்து சுமார் 3.5 கோடி டாலருக்கு வாங்கினார். எங்கள் படம் ஏதோ பட்டிக்காட்டுக்குப் போகிறதே என்று நியூயார்க்கில் பலர் புலம்பினார்கள். 2011-இல் பெண்டன்வில்லில் அவருடைய கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் திறந்தது. மோஷே சாஃப்டி வடிவமைத்தது. ஊற்றுத் தண்ணீர் தேங்கிய குளங்களின் மேல் பாலம் போட்டாற்போல் கட்டடங்கள். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஒரு மண்டபத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர்மேல் நடக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கிலி மண்டபம்தான் ஞாபகம் வரும்.

"படம் சரி. கடையில நிக்குத பிள்ளைகளுக்குச் சம்பளம் என்ன குடுக்காவ?"

நியாயமான கேள்வி. குறைந்த கூலி என்று வால்மார்ட்மேல் பல வருடங்களாகக் குற்றச்சாட்டு உண்டு. அந்தக் கணக்கை அருங்காட்சியகம் நேர்செய்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தப் படங்களின் முன்னால் தரையில் உட்காரும்போது, அது அந்த ஊருக்கு வேறு எப்படியும் வந்திருக்காது என்பதும் தெரிகிறது.

அப்புறம் மருத்துவக் கல்லூரியைச் சொன்னேன். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, ஆலிஸ் பெயரில் இருக்கிறது. 2025-இல் 48 மாணவர்களோடு தொடங்கியது. முதல் ஐந்து வருடங்களில் சேரும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

"ஃபீஸ் இல்லாம டாக்டருக்கா? இதுக்கு அந்த அம்மாவைக் கும்பிடலாம்ல" என்றார் சித்தப்பா.

அதற்குள் ஒருவர் உடன்குடி கருப்பட்டி கேட்டு வந்தார். கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொன்னார். சித்தப்பா அசையவே இல்லை.