தீம் பார்க் சாப்பாடு: ரைடு ஏறாதவளின் பார்வையில்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். எனக்கு ஏறினாலே தலை சுற்றும். அதனால் பைகளைக் காவல் காத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பது என் பங்கு. இப்படி உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில், எந்தப் பார்க்கை நம்பி வெறும் வயிற்றோடு போகலாம் என்று எனக்கு நன்றாகவே பிடிபட்டுவிட்டது.

முதலிடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். கலிபோர்னியாவின் பியூனா பார்க் ஊரில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்தான். மற்ற இடங்களில் பார்க்கைக் கட்டிவிட்டு அதற்குள் உணவகம் வைப்பார்கள். இங்கே சாப்பாட்டைச் சுற்றித்தான் பார்க்கே வளர்ந்தது. பெர்ரி பயிரிட்டுச் சாலையோரத்தில் விற்றுவந்த குடும்பம் அது. 1934-இல் கார்டீலியா நாட் தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்துவைத்து, வறுத்த கோழியோடு இரவுச் சாப்பாடு போட ஆரம்பித்தார். ஒரு சாப்பாடு 65 சென்ட், முதல் நாள் விற்றது எட்டே எட்டு. சில வருடங்களில் மணிக்கணக்காக வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று கணவர் வால்டர் 1940-இல் பழைய காலத்து ஊர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதுதான் பின்னால் தீம் பார்க் ஆனது.

அந்தக் கோழி உணவகம் இன்றும் நடக்கிறது, அதுவும் பார்க் வாசலுக்கு வெளியே. டிக்கெட் எடுக்காமலேயே போய்ச் சாப்பிடலாம். சூடான பிஸ்கட்டைப் பிட்டால் ஆவி வரும். அமெரிக்கர்கள் பிஸ்கட் என்பது மெத்தென்ற சின்ன ரொட்டி. அதன் மேல் பாய்சன்பெர்ரி என்ற கலப்பினப் பெர்ரிப் பழத்தின் ஜாமைத் தடவினால் ரொட்டி அடர் ஊதாவாக ஊறிப்போகும். லேசான புளிப்பு முதலில் வரும், இனிப்பு அப்புறம்தான். இந்தப் பழத்தை வணிக ரீதியாகப் பயிரிட்டு உலகத்துக்குக் கொண்டுவந்தவரும் வால்டர் நாட்தான். ஓர் இடத்தில் சாப்பிட ஒரு காரணம் வேண்டும் என்பது என் எண்ணம், இங்கே அது இருக்கிறது. அந்த மண்ணுக்கும் அந்தத் தட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

அதே சம்பந்தம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் டாலிவுட் என்ற தீம் பார்க்கிலும் உண்டு. அங்கே பழைய பாணியில் ஒரு மாவு மில், பக்கத்திலேயே அடுப்பு. ஒரு முழு ரொட்டி மாவை ஆழமாகக் கீறி, உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, பட்டைப்பொடி கலந்த சர்க்கரையில் புரட்டி அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். கீறல்கள் வழியே சர்க்கரை உள்ளே இறங்கி, அடிப்பக்கம் பாகாகிவிடும். ஒரு ரொட்டி இரண்டு மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும். வெளியே தெருமுழுக்கப் பட்டை வாசம், வழி கேட்காமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்னி பார்க்குகளை ஒரே கூடையில் போடக்கூடாது. புளோரிடாவின் எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டால் அந்த இடத்தையே வீணாக்கியது போல. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சின்ன அயிட்டம் வாங்கிப் பகிர்ந்துகொண்டே நடக்க வேண்டும். என் சிபாரிசு நார்வே பேக்கரியின் ஸ்கூல் பிரெட். ஏலக்காய் போட்ட பன், நடுவில் கஸ்டர்ட், ஓரத்தில் தேங்காய்த் துருவல். ஏலக்காய் வாசத்தை அந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு கொண்டாடுவார்கள் என்று அதைக் கடித்தபோதுதான் தெரிந்தது.

கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் புளூ பேயூ வேறு மாதிரி. 1967-இல் திறந்த உணவகம், கடற்கொள்ளையர் படகுச் சவாரிக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும் அங்கே எப்போதும் இரவு. மேஜைக்குப் பக்கத்தில் படகுகள் மெதுவாக நகர்ந்து போகும். காசு கொடுப்பது தட்டுக்கு மட்டும் இல்லை, அந்த இரவுக்கும் சேர்த்துத்தான். ஒரு முறையாவது போக வேண்டிய இடம், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். இனிப்புக்கு அதே பார்க்கில் டோல் விப் என்ற அன்னாசி சாஃப்ட் சர்வ் இருக்கிறது, மெத்தென்ற ஐஸ்கிரீம் போல. பால் சேராதது, வெயிலில் அதற்கு ஈடு இல்லை.

டோக்கியோ டிஸ்னிலாண்டில் பாப்கார்ன்தான் ராஜா. வண்டிக்கு வண்டி சுவை மாறும். கறி மசாலா சுவைக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏதோ பெரிய ரைடு என்று நினைத்துவிடுவோம். வாளியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், திரும்ப நிரப்பக் குறைந்த விலைதான்.

ஐரோப்பாவில் குழந்தைகளுக்குப் பிடித்தது ஜெர்மனியின் யூரோபா பார்க். அங்கே ஃபுட்லூப் என்ற உணவகத்தில் தொடுதிரையில் ஆர்டர் செய்தால், மூடிய பாத்திரம் தண்டவாளத்தில் சுழன்று தலைகீழாகப் புரண்டு நம் மேஜைக்கு இறங்குகிறது. ரைடு ஏறாத நானும் அங்கே கைதட்டிவிட்டேன். அதே வளாகத்தின் ஹோட்டல் ஒன்றில் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷெலின் நட்சத்திரம் இரண்டு பெற்ற உணவகமும் இருக்கிறது. தீம் பார்க் என்றால் உறைந்த உருளைக்கிழங்குதான் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது நெதர்லாந்தின் எஃப்டெலிங். 1952-இல் தொடங்கிய பார்க், மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய் நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகுதான் வேடிக்கை. ஹொல்ல பொல்ல ஹைஸ் என்று தொப்பையும் பெரிய வாயுமாக ஒரு பெருந்தீனிக்காரன் பொம்மை, “காகிதத்தை இங்கே போடு” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். வாயருகே காகிதத்தைக் கொண்டுபோனால் உறிஞ்சிக்கொள்வான், நன்றியும் சொல்வான். குழந்தைகள் அடுத்தவர் போட்ட குப்பையைக்கூடத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்து ஊட்டுகிறார்கள்!

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத பார்க்குகளும் நிறைய. ஒரு பார்க்கில் (பெயர் வேண்டாம்) வாசலில் பையைத் திறந்து பழத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். உள்ளே கிடைத்ததோ விளக்குச் சூட்டில் விறைத்துப்போன பீட்சா, உட்கார நிழல்கூட இல்லை. சின்னக் குழந்தையோடு வருகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம் இது. புளோரிடா டிஸ்னியில் கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் தவிரச் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், கவுன்ட்டர் உணவகங்களில் கேட்டால் குளிர்ந்த தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். இண்டியானாவின் ஹாலிடே வேர்ல்டில் 2000-ஆம் ஆண்டு முதல் குளிர்பானமே இலவசம், எத்தனை தம்ளர் வேண்டுமானாலும். பெரிய பார்க்குகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

எங்கே போனாலும் மதியச் சாப்பாட்டைப் பதினொரு மணிக்கே முடித்துவிடுங்கள். எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் ஒரு மணிக்கு ரைடு வரிசை கொஞ்சம் குறைந்திருக்கும், உங்கள் வீட்டு ரைடு பிரியர்கள் வாழ்த்துவார்கள். செல்போன் ஆப் வழியாக முன்கூட்டியே ஆர்டர் செய்யும் வசதி இருந்தால் காலையிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து கோபன்ஹேகன் டிவோலிக்குப் போக ஆசை. 1843-இல் திறந்த பூங்கா, அதற்குள் 1874 முதல் நடக்கும் குரோஃப்டன் உணவகத்தில் ரொட்டி மேல் இறால் குவித்துத் தருவார்களாம். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே எந்த நேரத்தில் மேஜை சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.