நீலத்திரை சொன்ன பெயர்

பொங்கல் முடிந்த வாரத்தில், அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடை மேடைக் கணினி எழவில்லை, வாசலில் 11 லாரிகள் கிழங்கோடு நிற்கின்றன என்றார் முதலாளி. சேலம் செவ்வாய்பேட்டையில் என் கணினி பழுதுபார்க்கும் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். மரவள்ளிக் கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீல நரம்பு ஓடிக் கருக்கத் தொடங்கிவிடும். எடை போடாமல் ஒரு மூட்டையும் உள்ளே இறங்காது. பயிரிட்டவருடைய பத்து மாத உழைப்புக்கு அந்த எடைச் சீட்டுதான் சாட்சி.

அந்தக் கணினியை எனக்கு முன்பே தெரியும். பென்டியம் 4, 512 எம்பி நினைவகம், 40 ஜிபி டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திக்கொண்டது. பிறகு ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஒருமுறை எடை மேடைக்கு வந்து பார்க்க வேண்டும். மேடைக்கு அடியில் இருக்கும் உணரிகளிலிருந்து எடைக் காட்டிக்கும், அதிலிருந்து ஒன்பது ஊசி சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்கும் எண்கள் வருகின்றன. அவற்றை வாங்கிச் சீட்டு அடிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். அது எக்ஸ்பியில் மட்டும் ஓடுகிறது. ஒழுங்காக வேலை செய்யும் ஒன்றைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு முன்பே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவர் நினைவகத்தை மாற்றினார். இன்னொருவர் பவர் சப்ளையை மாற்றியதோடு, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார். நல்லவேளையாக முதலாளி அதற்குச் சம்மதிக்கவில்லை. அழித்திருந்தால் எடை மென்பொருளைத் திரும்பப் போட யாரிடமும் குறுந்தகடு கிடையாது.

சீட்டு போடும் அக்கா அங்கே 19 ஆண்டுகளாக வேலை செய்கிறார். நான் கணினியின் மூடியைக் கழற்றப் போனபோது, "தம்பி, அதைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்" என்று ஒரு நோட்டை நீட்டினார். எடைச் சீட்டுக் கட்டின் பின்னட்டையைத் தைத்து அவரே செய்துகொண்ட நோட்டு. எந்த நாள் எத்தனை மணிக்குக் கணினி விழுந்தது, எப்போது எழுந்தது என்று 16 நாள் கணக்கு அதில் இருந்தது. காலை 6 மணிக்குப் போட்டால் ஒழுங்காக எழுகிறது. ஒன்பதரை மணிவாக்கில் விழுகிறது. அதன்பிறகு எத்தனை முறை போட்டாலும் விண்டோஸ் சின்னம் தெரிந்து, திரையில் நீலம் ஒரு நொடி மின்னி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இரவு 8 மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுவதே இல்லை.

"ஒன்பதரைக்கு இங்கே என்ன நடக்கும் அக்கா?"

"கணக்கர் வந்து ஆபீஸைத் திறப்பார்."

ஆலையின் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அந்த ஆபீஸில் இருக்கிறது. கணக்கர் பிரதான சுவிட்சைப் போட்டால் அதற்கு உயிர் வரும். அப்போது எடை மேடைக்கு வரும் கேபிளிலும் உயிர் வரும். முன்னால் வந்த இருவரிடமும் அக்கா இந்த நோட்டைக் காட்டியிருக்கிறார். அவர்கள் வாங்கிப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாள் முழுவதும் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்ததில் பாதிகூட ஸ்க்ரூ டிரைவரோடு வருபவருக்குத் தெரியாது.

கேபிளைப் பிடுங்கினேன், கணினி எழுந்தது. முதலில் லாரிகளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஆபீஸுக்குக் கணக்கு போகாவிட்டாலும் சீட்டு அச்சாகும். நகலைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மதியம் 2 மணிக்கு வரிசை தீர்ந்தபின் டிஸ்கைக் கழற்றி, நான் கொண்டுபோயிருந்த இன்னொரு டிஸ்கில் அப்படியே படியெடுத்தேன். பழைய கணினியில் கை வைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஒருநாளும் தவிர்க்கக் கூடாது. படி கையில் இருந்தால்தான் பயமில்லாமல் தேட முடியும்.

பிறகு கேபிளைச் செருகி வேண்டுமென்றே விழவைத்தேன். எக்ஸ்பி விழுந்தால் பிழை விவரத்தை நீலத்திரையில் காட்டும். ஆனால் தானாக மறுபடி தொடங்கிவிடும், அதைப் படிக்க நேரம் தராது. கணினி எழும்போது எஃப்8 விசையைத் தட்டினால் வரும் பட்டியலில், பழுது ஏற்பட்டால் தானாகத் தொடங்குவதை நிறுத்தும் வரி ஒன்று உண்டு. எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 என்ற மேம்படுத்தல் முதல் அந்த வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் நீலத்திரை அசையாமல் நின்றது. அக்காவின் நோட்டிலேயே ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.

டி1 என்று முடியும் எண். 'டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்ற வாசகம். அடைப்புக்குறிக்குள் நான்கு எண்கள். கீழே நெட்வொர்க் கார்டின் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோப்புடைய பெயர்.

பலர் வாசகத்தைப் பார்த்துவிட்டு நான்கு எண்களை விட்டுவிடுகிறார்கள். விஷயமே அவற்றில்தான் இருக்கிறது. டி1 பிழையில் முதல் எண், டிரைவர் தொடப்போன நினைவக முகவரி. இரண்டாவது, அந்த நேரத்தில் செயலி எந்த முன்னுரிமை நிலையில் இருந்தது என்பது. மூன்றாவது, படிக்கப் போனதா எழுதப் போனதா என்பது. பூஜ்யம் என்றால் படிக்க, ஒன்று என்றால் எழுத. நான்காவது, அந்தக் கட்டளை இருந்த இடம். எனக்குக் கிடைத்த முதல் எண், வரிசையாகப் பூஜ்யங்கள் நின்று கடைசியில் ஓர் 8. இரண்டாவது 2. மூன்றாவது பூஜ்யம்.

முன்னுரிமை நிலை 2 என்றால் என்ன என்று அக்கா கேட்டார். அவருடைய வேலையை வைத்தே சொன்னேன். மேடையில் லாரி ஏறி நிற்கிறது, எண் நிலைகொள்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் எழுந்துபோய்க் குடோனில் இருக்கும் பழைய பேரேட்டைத் தேட முடியாது. வேண்டியது எல்லாம் மேசைமேலேயே இருக்க வேண்டும். விண்டோஸும் அப்படித்தான். நினைவகத்தில் இடம் போதாவிட்டால் சிலவற்றை 4 கேபி பக்கங்களாக டிஸ்குக்கு அனுப்பிவைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். ஆனால் நிலை 2-இலும் அதற்கு மேலும் அப்படிப் போய் எடுத்துவர முடியாது. அந்த நேரத்தில் மேசைமேல் இல்லாத ஏட்டுக்கு யாராவது கை நீட்டினால், விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்தி நீலத்திரையைப் போட்டுவிடும். இங்கே கை நீட்டிய முகவரி 8. அங்கே ஏடு எதுவும் இருந்ததே இல்லை. யாரோ வெற்று முகவரியைக் கொடுக்க, டிரைவர் அதை நம்பிப் படிக்கப் போயிருக்கிறது.

கேபிள் உயிரோடு இருந்தால் மட்டும் ஏன் விழ வேண்டும்? இணைப்பு கிடைத்த உடனேயே எக்ஸ்பி தன் முகவரியை வலையில் அறிவிக்கும். வேறு யாராவது இதே முகவரியை வைத்திருக்கிறீர்களா என்று கேட்கும் செய்தி அது. யாரும் எதையும் திறக்காவிட்டாலும் அது வெளியே போகும். அந்த முதல் செய்தியை அனுப்பும்போதே இந்தக் கணினி விழுந்தது.

திரையில் பெயர் வந்துவிட்டது, அந்த டிரைவரை மாற்றினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதே கார்டும் அதே டிரைவரும் ஏழு ஆண்டுகளாக ஒழுங்காக உழைத்திருக்கின்றன. அதனால் பையில் எப்போதும் வைத்திருக்கும் ரியல்டெக் 8139 கார்டை எடுத்தேன். அதற்கான டிரைவர் எக்ஸ்பிக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து எதையும் ஏற்ற வேண்டாம். பழைய கார்டைக் கழற்றி இதைச் செருகி, கேபிளை மாட்டினேன். மறுபடி நீலத்திரை, மறுபடி டி1, மறுபடி அதே 8. கீழே இருந்த பெயர் மட்டும் மாறியிருந்தது. இப்போது புதிய கார்டின் டிரைவர்.

அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு லேசானது. இரண்டு வேறு கார்டுகள், இரண்டு வேறு டிரைவர்கள், ஒரே மாதிரியான சாவு. இரண்டுமே குற்றவாளியாக இருக்க முடியாது. நீலத்திரை எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்கிறது. தள்ளியது யார் என்று எப்போதும் சொல்வதில்லை. விண்டோஸிலிருந்து கார்டுக்குப் போகும் வழியில் நடுவே ஒருவன் உட்கார்ந்து, செய்தியைக் கெடுத்து அனுப்புகிறான்.

மறுபடி நோட்டுக்குப் போனேன். முதன்முதலாக விழுந்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாளில் அக்கா ஒரு வரி எழுதியிருந்தார்: "வைரஸ் மருந்தை எடுத்துவிட்டார்கள்." விசாரித்தேன். ஃபயர்வாலோடு வந்த ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளை யாரோ போட்டிருக்கிறார்கள். கணினி மெதுவானதால் ஞாயிறன்று நீக்கியிருக்கிறார்கள். ஃபயர்வால்கள் நெட்வொர்க் வழியின் நடுவில் தங்களுடைய டிரைவர் ஒன்றைச் செருகி, போகும் வரும் எல்லாவற்றையும் அதன் கையால் தடவிப் பார்த்து அனுப்பும். மென்பொருளை நீக்கும்போது அந்த டிரைவரும் போக வேண்டும். இங்கே அது தங்கிவிட்டது.

கேபிளைப் பிடுங்கிவிட்டு, லோக்கல் ஏரியா கனெக்‌ஷனின் பண்புகளைத் திறந்தேன். டிசிபி ஐபி, கோப்புப் பகிர்வு, பாக்கெட் ஷெட்யூலர் ஆகிய விண்டோஸின் சொந்த நெட்வொர்க் பகுதிகளோடு அந்த நீக்கப்பட்ட மென்பொருளின் பெயரும் டிக் போட்டபடி இருந்தது. உடனே நீக்கியிருக்கலாம். ஆனால் இந்தக் கணினியில் 16 நாளாக எல்லோரும் ஊகித்தே வேலை செய்திருந்தார்கள். எனக்குச் சான்று வேண்டியிருந்தது. எக்ஸ்பியில் வெரிஃபையர் என்ற கருவி கூடவே வருகிறது. எந்த டிரைவர்மேல் சந்தேகமோ அதைக் குறித்துவிட்டால், அதன் ஒவ்வொரு அசைவையும் விண்டோஸ் கடுமையாகச் சோதிக்கும். தவறு செய்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். அந்த மிச்ச டிரைவரை மட்டும் குறித்து, கேபிளோடு தொடங்கினேன். இந்த முறை வந்த எண் டி1 அல்ல, வெரிஃபையர் தவறைப் பிடித்தால் வரும் சி4. கீழே இருந்த பெயர் அந்த மிச்ச டிரைவருடையது. வேறு யார் பெயரும் இல்லை.

வெரிஃபையரைப் போடுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் சோதனையால் கணினி எழாமலே போனால் பதற வேண்டாம். எஃப்8 தட்டி, மிகத் தேவையான டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடுக்குள் போய், கட்டளைத் திரையில் வெரிஃபையர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ரீசெட் என்பதும் சேர்த்து அடித்தால் சோதனை நின்றுவிடும். நானும் அப்படித்தான் வெளியே வந்தேன்.

பட்டியலில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் செய்து, அது விட்டுப்போன கிளைகளையும் அகற்றினேன். பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். அது தப்பு எதுவும் செய்யவில்லை. கேபிளைச் செருகித் தொடர்ந்து ஆறு முறை தொடங்கிப் பார்த்தேன். ஆறு முறையும் எழுந்தது.

வைரஸ் தடுப்பை எடுத்துவிட்டோமே, பாதுகாப்பு என்ன என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. எக்ஸ்பி பேசும் கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை உலகம் முழுவதும் பரவியது. நெட்வொர்க் அமைப்பில் இணையத்துக்கு வழிகாட்டும் கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் வெறுமையாக விட்டேன். இந்தக் கணினி கணக்கரின் கணினியோடு பேசும், இணையத்துக்குப் போகாது. பென் டிரைவ் செருகும் வாய்களையும் மூடினேன். கணக்கரின் கணினிக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் வாங்கி, ஆலையின் மற்றக் கணினிகளிலிருந்து இந்த இரண்டையும் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அதைச் செய்யப் போகிறேன்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. வடக்கே சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டு விளக்குகள் தெரிந்தன. படியெடுத்த டிஸ்கில் தேதி எழுதி ஒட்டி, அக்காவிடம் கொடுத்தேன். பீரோவில் பேரேடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை 9.40-க்கு என் கைப்பேசி ஒலித்தது. அக்காதான். "கணக்கர் வந்துவிட்டார் தம்பி, சுவிட்சைப் போட்டுவிட்டார். இப்போது ஏழாவது லாரி மேடையில் நிற்கிறது" என்றார்.