ஃபாதர் சாம் செய்த சரியான காரியம்

தமிழ்ப் படங்களில் யாராவது பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வந்தால் அவருக்குப் பின்னால் வரிசையே இருக்காது. இருட்டுக் கோயில், சன்னல் வழியே ஒரு கீற்று வெளிச்சம், மரக்கூண்டு, அந்தப் பக்கம் நரைத்த தாடியுடன் ஒரு ஃபாதர். வந்தவர் நிதானமாக இரண்டு கொலையையும் ஒரு காதலையும் சொல்லிவிட்டுப் போவார். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பெரிய வாரத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வாரத்துக்கு, முன்னால் வந்து பாருங்கள். அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து சாமியார்கள் வந்து, கோயிலுக்குள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எவர் சீக்கிரம் விடுவார், எவர் குடைந்து குடைந்து கேட்பார் என்று ஊருக்கே தெரியும். வரிசையின் நீளத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். நமக்கு முன்னால் போன ஆச்சி எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் மருமகள் கணக்கையும் சேர்த்தே சொல்கிறாரோ என்று தோன்றும். அப்புறம் நம் முறை. பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

அதனால் சினிமாவில் அங்கியையும் சிலுவையையும் பார்த்ததும் நான் உருகிவிடுவதில்லை. 'கடல்' மட்டும் விதிவிலக்கு. 2013 பிப்ரவரியில் வந்தது, ஓடவில்லை. மணிரத்னம் இயக்கி, ஜெயமோகன் எழுதிய படம். மணப்பாடு பக்கம் எடுத்தார்கள் என்பதாலேயே எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தியேட்டருக்குப் போனார்கள், மணல் மேட்டுக் கோயிலைத் திரையில் பார்க்கலாமே என்று. புனித சவேரியார் 1542-ல் வந்திறங்கிய கரை இது. அரவிந்த்சாமியின் பாத்திரத்துக்கு சாம் ஃபெர்னாண்டோ என்று பெயர் வைத்தபோதே, வீட்டுக்கு வீடு ஃபெர்னாண்டோ இருக்கிற ஊரில் ஒரு சிரிப்பு எழுந்தது. இதே அரவிந்த்சாமி 1997-ல் 'மின்சாரக் கனவு' முடிவில் குருவானார். அங்கே பெயர் தாமஸ். அந்தப் படத்தில் அங்கி போட்டதோடு கதை முடிந்தது. இங்கே அங்கி போட்ட பிறகுதான் தொல்லையே ஆரம்பம்.

எல்லோருக்கும் நினைவிருப்பது கடற்கரைக் காட்சிகளும் ரஹ்மான் பாட்டுகளும்தான். எனக்குக் குருமடத்தில், அதாவது சாமியாராவதற்குப் படிக்கும் இடத்தில், நடக்கும் ஆரம்பக் காட்சிதான் முக்கியம். அர்ஜுன் நடித்த பெர்க்மான்ஸ் வேதத்தில் கரைகண்டவன், ஆனால் தேவ அழைத்தலால் வந்தவன் இல்லை, வறுமையால் வந்தவன். அவன் ஒரு பெண்ணோடு இருப்பதை சாம் பார்த்துவிடுகிறார், மேலிடத்தில் சொல்லிவிடுகிறார். பெர்க்மான்ஸை வெளியே அனுப்புகிறார்கள். பாவம் என்றால் என்னவென்று உனக்குக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டுப் போகிறான். படத்தின் மிச்சம் முழுக்க அந்தச் சவால்தான்.

சாம் செய்தது சரியா? ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான இந்தத் தபசு காலத்தில் சிலுவைப்பாதை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பங்கு வாலிபர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டி இதைத்தான் கேட்டேன். கையில் மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தை வைத்திருந்தேன். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் மசியாவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று ஆண்டவர் மூன்று படி வைக்கிறார். சாம் நேராக மூன்றாவது படிக்குப் போய்விட்டார் என்பது என் கட்சி.

சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை உடனே எழுந்தாள். "அண்ணே, அப்போ மூடி மறைச்சிருக்கணுமா? திருச்சபையில மறைச்சு மறைச்சுத்தானே இவ்வளவு கெட்ட பேரு?"

நல்ல கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. அப்படி ஒருவன் குருவாகியிருந்தால் யாருக்கு ஆபத்து என்று அவள் கேட்டதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அவனை வெளியே அனுப்பியது தப்பில்லை. ஆனால் அதே பதினெட்டாம் அதிகாரத்தில் இந்த மூன்று படிக்கு முந்தைய பத்தியைப் பாருங்கள் என்றேன். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறவர் அங்கே இருக்கிறார். பிந்தைய பத்தியில் பேதுரு, ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று கணக்குக் கேட்கிறார். ஒழுங்கு நடவடிக்கை என்று நாம் நோட்டீஸ் பலகையில் ஒட்டுகிற பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பெர்க்மான்ஸ் வெளியே போன பிறகு அவன் பின்னால் யார் போனார்கள்?

பல வருடம் கழித்து அவனே வருகிறான், குண்டடி பட்டு. சாம் அவனைக் காப்பாற்றுகிறார். அதற்குக் கிடைக்கும் கூலி பெண்பழி, ஊர் அடி, சிறை. அங்கேதான் படம் எனக்கு வேதபாடம் ஆகிறது. காட்டிக்கொடுத்தபோது சாமுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மடியில் தூக்கிவைத்துக் கட்டுப் போட்டபோதுதான் எல்லாம் போயிற்று. அவர் வளர்த்த தாமஸும்கூட ('மின்சாரக் கனவு' தாமஸ் இல்லை, இந்தப் படத்தின் நாயகன்) அந்த பெர்க்மான்ஸிடமே போய்ச் சேர்கிறான்.

மன்னிப்பு என்று ஒன்று இந்தப் படத்தில் சுத்தமாக நடப்பது கூண்டிலும் இல்லை, சாமியாரிடமும் இல்லை. கான்வென்ட்டில் வளர்ந்த, வயதுக்கேற்ற விவரம் வராத பியாட்ரிஸிடம் தாமஸ் தான் செய்த கொலைகளைச் சொல்கிறான். அவள் விசாரிப்பதில்லை, அதிர்வதில்லை, இனிமேல் செய்யாதே என்கிற மாதிரி முடித்துவிடுகிறாள். யோவான் எட்டாம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்மேல் கல்லெறிய வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்த பிறகு, இனிப் பாவம் செய்யாதே என்று ஆண்டவர் அவளிடம் சொன்னதும் இதே நீளம்தான். இறையியல்படி அது தேவதிரவிய அனுமானம், அதாவது திருச்சபை ஏற்கும் திருவருட்சாதனம், ஆகாது என்று கோயிலில் வேதம் சொல்லித்தரும் எங்கள் உபதேசியார் கண்டிப்பாகச் சொல்வார். ஆகாதுதான். ஆனாலும் அந்தக் காட்சியில் வாலிபர்கள் ஒருவரும் போனை எடுக்கவில்லை.

கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்காது. புயல், படகு, சண்டை. சாத்தான் பேச்சை அர்ஜுன் அவ்வளவு உரக்கப் பேசப் பேச, குருமடத்தில் தோற்றுப்போன அந்த ஏழைப் பையன் காணாமல் போய்விடுகிறான். வில்லனை அடித்தால்தான் டிக்கெட் காசு செரிக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருடத்துக்கு 'அன்பே சிவம்' போடலாம் என்று இருக்கிறேன். விபத்தில் சிதைந்த ஒரு நாத்திகனைக் கன்னியாஸ்திரீகள் பார்த்துக்கொள்ளும் இடம் அதில் உண்டு. ரயில் விபத்தில் அடிபட்ட, முன்பின் தெரியாத பையனுக்கு விளம்பரப் படம் எடுக்கிற ஒருத்தன் ரத்தம் கொடுப்பதும் உண்டு. நல்ல சமாரியனைப் பேச இதைவிட என்ன வேண்டும்? கோயில் பலகையில் படத்தின் பெயரை எழுதிப் போட்டால் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார், அது ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது.