சீட்டு வித்தையைத் தமிழில் எழுத்துக்கூட்டியபோது

மூன்று ஆண்டுகளாகச் சீட்டு வித்தைகளையும், பிறர் மனத்தில் நினைத்ததைச் சொல்லும் மெண்டலிச வித்தைகளையும் மின்னூல்களிலிருந்தே கற்று வருகிறேன். தொடக்கத்தில் காணொளிகளைத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு வித்தையைக் காணொளியில் பார்த்துக் கற்றால், அதைச் செய்து காட்டியவரின் கையசைவும் குரலின் ஏற்ற இறக்கமும் பேச்சும் அப்படியே என்னிடம் ஒட்டிக்கொண்டன. நூலில் அப்படி ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. விரல்கள் எங்கே இருக்க வேண்டும், ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது.

நான் முதலில் எடுத்தது, 1902இல் சிகாகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் ஒருவர் தாமே வெளியிட்ட நூல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அது இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது இதுவரை ஐயமற உறுதிப்படவில்லை. சூதாட்ட மேசையின் தந்திரங்கள் முதலிலும் மேடை வித்தைகள் பின்னாலுமாக அமைந்த அந்நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் இருந்தாலும், ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலைப் பொழுது தேவைப்பட்டது. சீட்டுக்கட்டை இடக்கையில் பிடித்து, மேலிருக்கும் இரண்டு சீட்டுகளுக்குக் கீழே சுண்டுவிரல் நுனியால் நூலிழை அளவு இடைவெளி வைத்து, இரண்டையும் ஒன்றுபோலத் திருப்பிக் காட்டுவது இத்துறையின் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. இதைச் செய்ய இரண்டு கைகளும் வேண்டும். கைப்பேசித் திரையைத் தள்ளவோ மூன்றாவது கை வேண்டும். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் படித்து, தமிழில் எனக்குப் புரிந்தபடி சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, அதை ஓடவிட்டுக்கொண்டே விரல்களைப் பழக்கினேன். விரல்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டன. சுண்டுவிரல், மோதிர விரல், ஆள்காட்டி விரல் என்று என் குரலே எனக்குச் சொன்னபோது, ஆங்கிலத்தில் சிக்கலாக இருந்த வரி ஒரே மூச்சில் விளங்கியது.

விரல்களுக்கு இவ்வளவு எளிதாக மொழிமாற்றம் செய்ய முடிந்த எனக்கு, வித்தையில் வரும் பேச்சை மாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. எழுத்துக்கூட்டும் வித்தையில்தான் இதை முதலில் உணர்ந்தேன். ஒரே வகைச் சீட்டுகள் பதின்மூன்றைக் குப்புற அடுக்கி, ஏஸ் முதல் ராஜா வரை ஒவ்வொன்றின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, எழுத்துக்கொரு சீட்டை மேலிருந்து கீழே மாற்ற வேண்டும். கடைசி எழுத்துக்கு வரும் சீட்டைத் திருப்பினால் சொன்ன சீட்டே இருக்கும், அதை வெளியே வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் இந்தப் பதின்மூன்று பெயர்களின் எழுத்துகளையும் கூட்டினால் சரியாக 52 வரும் என்பது ஓர் அழகான தற்செயல். தமிழிலோ ஏஸ் என்பதற்கு இரண்டு எழுத்து, இரண்டு என்பதற்கு நான்கு, ஆறுக்கும் ஏழுக்கும் ராணிக்கும் ராஜாவுக்கும் இரண்டிரண்டு, மொத்தம் 36தான். நூலில் இருந்த அடுக்கு முறை எனக்கு எந்த வகையிலும் பயன்படவில்லை.

எனவே தாளில் பதின்மூன்று கட்டங்கள் வரைந்து, தமிழ் எழுத்துகளைக் கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி, எனக்கான அடுக்கை நானே கண்டறிந்தேன். மேலிருந்து கீழாக அது இப்படி வரும்: ஜாக்கி, ஏஸ், ஐந்து, பத்து, ஆறு, இரண்டு, ராஜா, ஏழு, மூன்று, ஒன்பது, ராணி, நான்கு, எட்டு. வீட்டில் சீட்டுக்கட்டு இருப்பவர்கள் அடுக்கிப் பார்க்கலாம். ஒற்று எழுத்தையும் ஓர் எழுத்தாகவே கணக்கிட வேண்டும். ஒ, ன், ப, து என்று ஒன்பதுக்கு நான்கு சீட்டுகள் நகர வேண்டும். கடைசியில் கையில் தனியாக மிஞ்சும் சீட்டு ராஜாவாக இருக்கும். அன்று இரவு அந்த ராஜா முதன்முதலாக மிஞ்சியபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை, நூலிலிருந்து பிழையின்றிச் செய்த எந்த வித்தையும் தந்ததில்லை.

பொங்கல் விடுமுறையில் அக்கா மகளிடம் கட்டைக் கொடுத்து, அவளையே எழுத்துக்கூட்டச் சொன்னேன். ஏஸ் சரியாக வந்தது. அடுத்து அவள் ரெ, ண், டு என்று மூன்று சீட்டுகளை மட்டும் எண்ணித் திருப்பினாள், ஆறு வந்தது. "ரெண்டுக்கு மூணு எழுத்துதானே மாமா?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. பேச்சுத் தமிழில் மூன்று மூணாகவும் நான்கு நாலாகவும் எழுத்துக் குறைந்து ஒலிப்பதை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. இப்போது, பார்ப்பவரிடம் முதலில் ஒரு தாளைக் கொடுத்து, பள்ளியில் எழுதுவதுபோல ஏஸ் முதல் ராஜா வரை எழுதச் சொல்கிறேன். தாம் எழுதியதைப் பார்த்தே அவர் எழுத்துக்கூட்டுவதால் தவறு நேர்வதில்லை. அடுக்கை எப்படி முன்கூட்டியே அமைத்திருக்க முடியும் என்ற வியப்பும் கூடுகிறது.

மெண்டலிசத்தில் இது இன்னும் நுட்பமாகிறது, ஏனெனில் அங்கே பேச்சே கருவி. டோனி கொரிண்டா பதின்மூன்று படிகளாகப் பிரித்து எழுதிய நூல் இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தொடும் நூல். ஆனால் அதன் வாசகங்களைத் தமிழாக்கிப் பேசினால் பல இடங்களில் வித்தை நொறுங்கிவிடுகிறது. பழைய வித்தை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐம்பதுக்குள் ஓர் எண்ணை நினைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு இலக்கம் வேண்டும், இரண்டும் ஒற்றைப்படையாகவும் வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். பொருந்துபவை எட்டே எண்கள் என்பது கேட்பவருக்கு உடனே தோன்றாது. பலர் 37க்குப் போவார்கள். நான் முதலில் "இரட்டை இலக்க எண், இலக்கங்கள் ஒற்றைப்படை" என்று சொல்லிவந்தேன். இரட்டையும் ஒற்றையும் அடுத்தடுத்து வந்ததால் கேட்டவர் குழம்பி, நின்று, யோசித்து, கணக்குப் போட்டே தேர்ந்தெடுத்தார். இந்த வித்தை யோசிக்க இடம் கொடுக்காத வேகத்தில்தான் உயிர் வாழ்கிறது. "இரண்டு இலக்கம்" என்று மாற்றிய பிறகே அது நிலைபெற்றது.

இரண்டு கட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, எதைத் தேர்ந்தாலும் நமக்கு வேண்டியதே மிஞ்சுமாறு பேசுவது மற்றொரு முறை. நூலில் உள்ள ஆங்கில வினைச்சொல் எப்பக்கமும் சாயும். தமிழில் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் அது அவருக்கு, "எடுத்துக்கொடுங்கள்" என்றால் எனக்கு. வாயைத் திறந்த உடனே முடிவு செய்ததாகிவிடுகிறது. பல நாள் அலைந்து "ஒன்றைத் தொடுங்கள்" என்பதில் வந்து நின்றேன். தொடுவது எவருக்கும் உரிமையாக்குவதில்லை. அதே சமயம் நம் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவது பெரிய துணை: "நீங்கள் தொட்ட இந்தக் கட்டை" என்று நிதானமாகத் தொடங்கி, கை அதன் மேல் சென்ற பிறகு "வைத்துக்கொள்வோம்" என்றோ "ஒதுக்கிவிடுவோம்" என்றோ முடிக்கலாம்.

இப்போது முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டும் வித்தையில் இறங்கியிருக்கிறேன். ஆங்கில ஸ்பேடுக்குரிய நம் சொல்லான இஸ்பேட்டுக்கு நான்கு எழுத்து, ஹார்ட்டினுக்கு ஐந்து, டைமனுக்கு மூன்று, கிளாவருக்கு நான்கு. ஆங்கிலத்தில் 52 சீட்டுகளின் முழுப் பெயர்களும் பத்து முதல் பதினைந்து எழுத்து வரை ஆறு நீளங்களில் பரவிக் கிடக்கின்றன. தமிழில் டைமன் ராஜாவின் ஐந்து எழுத்திலிருந்து ஹார்ட்டின் ஒன்பதின் ஒன்பது எழுத்து வரை ஐந்தே நீளங்கள்தாம். எந்தச் சீட்டைச் சொன்னாலும் அதன் இடத்துக்குக் கொண்டுசெல்ல நூல் கேட்கும் வேலையில் ஒரு படி குறைகிறது. அந்த அடுக்கைத்தான் இந்த வாரம் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.