எஸ் பலகையா, கே பலகையா

2013 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. மாசசூசெட்ஸில் அன்று பேட்ரியட்ஸ் டே விடுமுறை. பாஸ்டன் மாரத்தானும் அன்றைக்குத்தான். என் மனைவி ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் திரட்டிக்கொடுத்து ஓட இடம் வாங்கியிருந்தாள். மூன்றாவது அணியில் 10:40க்கு ஹாப்கின்டனில் கிளம்பினாள்.

நானும் ஏழு வயது மகளும், மதுரையிலிருந்து வந்திருந்த அத்தையும் பாய்ல்ஸ்டன் தெருவில் ஹெரிஃபோர்டு முனைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். அத்தை சேலைக்கு மேல் என் பழைய கோட்டைப் போட்டிருந்தார். கையில் புளியோதரை டப்பா. மகள் அட்டையில் தமிழிலேயே எழுதி வைத்திருந்தாள்: ‘ஓடு அம்மா ஓடு’. 30 கிலோமீட்டர் தாண்டிவிட்டாள் என்று போனில் செய்தி வந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

2:49க்கு எல்லைக்கோட்டுப் பக்கம் ஒரு சத்தம். “வெடி போடுறாங்களா மாப்ளே?” என்றார் அத்தை. ஏதோ விடுமுறை நாள் பீரங்கி என்றுதான் நானும் நினைத்தேன். பத்துப் பதினைந்து நொடிகூட ஆகியிருக்காது, அடுத்தது. இது எங்களுக்குக் கிட்டத்தில். வெள்ளைப் புகை எழும்பியது. கூட்டம் எங்கள் பக்கம் திரும்பி ஓடிவந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். டப்பா எங்கே விழுந்தது என்று தெரியாது.

போனில் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பிரயோசனமில்லை. அவள் போன் அவள் பைக்குள், பை ஓட்டக்காரர்களின் பைகளை ஏற்றிவந்த பஸ்ஸுக்குள். ஓடிக்கொண்டிருந்தவர்களை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டத்தை முடிக்காமல் நின்றுபோனார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது என் தலையில் ஓடியது ஒரே கணக்கு. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் அவள் சரியாக அங்கேதான் இருந்திருப்பாள்.

காலையில் பேசிவைத்த ஒரே விஷயம், “முடிச்சிட்டு குடும்பங்கள் சந்திக்கிற இடத்துக்கு வந்துடறேன், எழுத்துப் பலகைக்குக் கீழ நில்லுங்க” என்று அவள் சொன்னது. பாய்ல்ஸ்டனுக்குத் தெற்கே இரண்டு தெரு தள்ளி, கடைசிப் பெயரின் முதல் எழுத்துப்படி ஏ, பி, சி என்று வரிசையாகப் பலகை வைத்திருந்தார்கள். சுற்றிப் போய்ச் சேர்ந்து, கே பலகைக்குக் கீழ் நின்றோம். என் பெயர் கே. இந்த ஊரில் எல்லோரும் அவளையும் அந்தப் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வெள்ளித்தாள் போர்வை சுற்றியவர்கள் நடுங்கிக்கொண்டு வந்து, யாரையாவது கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று போலீஸ்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். மதுரைக்கு ‘எல்லோரும் நலம்’ என்று மெசேஜ் தட்டிவிட்டேன். அங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது. பொய்தான், வேறு என்ன எழுதுவது? மகள் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தைதான் திடீரென்று கேட்டார்: “மாப்ளே, அவ பாஸ்போர்ட்ல என்ன பேரு போட்ருக்கு?”

விசா விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்று என்னிடம் போனில் அரைமணி நேரம் விவாதித்தவர் அவர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியின் பாஸ்போர்ட்டில் மாமா பெயர். ஓட்டத்துக்குப் பதிந்ததும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான். எஸ்.

எட்டு எழுத்து தள்ளி, எஸ் பலகைக்குக் கீழே நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் தொங்கும் ஓர் ஆண் கோட்டு. வழியில் நிறுத்தப்பட்டபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் இறங்கிவந்து கழற்றிக் கொடுத்தாராம். அரைமணி நேரமாக எங்களை அங்கே தேடியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினாள். “எங்க போய் நின்னீங்க?” அதற்கப்புறம்தான் அழுகை.

காப்ளி ஸ்டேஷன் மூடியிருந்தது. பார்க் ஸ்ட்ரீட் வரை நடந்து ரெட் லைன் பிடித்தோம். படியிறங்கும்போது அவள் கால் பிடித்துக்கொண்டது, அத்தை தோள் கொடுத்தார்.

வெடித்தவை குண்டுகள், மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருவன் எட்டு வயதுப் பையன் என்பது ராத்திரி தெரிந்தது. டிவியை அணைப்பதற்குள் மகள் கேட்டுவிட்டாள். “அவனும் அட்டை வெச்சிருந்தானா?” என்றாள்.

பாதித் தூரத்தைத் தாண்டியும் முடிக்க முடியாமல் போனவர்களை 2014 ஏப்ரல் 21 ஓட்டத்துக்கு மறுபடி அழைத்திருந்தார்கள். அவள் ஓடினாள், முடித்தாள். மகள் பாய்ல்ஸ்டன் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நாங்கள் நியூட்டன் மேட்டில் நின்று கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். போன் இந்தத் தடவை அவள் இடுப்புப் பட்டையில் இருந்தது.